சாவிக்காரர் வீட்டு வைஃபை

கடைத்தெருவில் மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில், ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்க மட்டுமே இடமுள்ள கடை அவருடையது. சாவி அறுக்கும் இயந்திரம் ஒன்று, தேய்ந்ததும் தேயாததுமாகப் பதினைந்து அரம், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் வெற்றுச் சாவிகள். முப்பத்திரண்டு வருடமாக அதே ஸ்டூல். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தில் இருக்கிறது. தெருவுக்கு அவர் சாவிக்காரர்தான்.

அவருக்கென்று ஒரு தனித் திறமை உண்டு. சாவித்துளையை மறைப்பது. அலமாரிக் கதவில் வரிசையாக ஆறு பித்தளைப் பூ பதிப்பார். பார்க்கிறவர்கள் அழகுக்கு வைத்தது என்று நினைத்துக்கொள்வார்கள். அதில் ஒரே ஒரு பூவை இடப்பக்கம் தள்ளினால் அடியில் துளை இருக்கும். எந்தப் பூ என்பது அவருக்கும் அலமாரிக்குச் சொந்தக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். இதற்காகவே நாலு ஊர் தாண்டி ஆட்கள் வந்தார்கள்.

"கண்ணுக்குத் தெரியற பூட்டு, வா வான்னு கூப்பிடும். தெரியாத பூட்டுகிட்ட எவன் போவான்?" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார். பூந்தொட்டிக்கு அடியில் சாவியை வைத்துவிட்டு வெளியூர் போகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. படித்தவர்களாக இருந்தால் இன்னும் அதிகமாகத் திட்டுவார். இப்படிப்பட்ட மனிதர் தன் வீட்டில் என்ன செய்து வைத்தார் என்பதுதான் கதை.

வீடு மூன்றாவது மாடியில். மகன் கப்பலில் வேலை, வருடத்தில் எட்டு மாதம் தண்ணீரில். வீட்டில் அவர், மனைவி, மருமகள். மருமகள் பின்னறையில் உட்கார்ந்து வேலை செய்கிறாள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பும் நோயாளி விவரங்களைக் காதில் கேட்டு எழுத்தாக்கும் வேலை. ஒன்றரை வருடம் அலைந்து, ஆறு பரீட்சை எழுதி வாங்கிய வேலை. அது கிடைத்த அன்று அவள் சமையலறையில் மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுததை அவரும் பார்த்திருக்கிறார்.

அவள் வேலைக்காகத்தான் வீட்டுக்கு வைஃபை வந்தது. ஒரு நாள் சாவிக்காரர் தன் போனில் வைஃபைப் பட்டியலைத் திறந்து பார்த்தார். அக்கம்பக்கத்து வீட்டுப் பெயர்களெல்லாம், மொட்டை மாடியில் காயப்போட்ட துணி மாதிரி வரிசையாகத் தெரிந்தன. அதில் தன் வீட்டுப் பெயரும் இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. யாரோ ஒருவர் விளக்கிய வீடியோவை இரண்டு தடவை பார்த்துவிட்டு, ரவுட்டரின் அமைப்புகளுக்குள் புகுந்து, பெயரைக் காட்டு என்ற இடத்தில் இருந்த குறியை எடுத்தார். பட்டியலிலிருந்து அவர் வீடு காணாமல் போயிற்று. யாரும் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில் பெயரையும் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். மறைத்த வைஃபையில் சேர ஒவ்வொரு போனிலும் பெயரைக் கையால் அடிக்க வேண்டும், அப்புறம் பாஸ்வேர்டையும் அடிக்க வேண்டும். மனைவி இரண்டையும் மறந்து மறந்து கேட்டாள். பாஸ்வேர்டைக் காலண்டரில் எழுதியும் வைத்தாள். அதைப் பார்த்து அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெயர் தெரிந்தால்தானே உள்ளே வர முடியும், பெயரே சாவிதானே, ஒரு கதவுக்கு எதற்கு இரண்டு சாவி என்று யோசித்தார். பாதுகாப்பு என்ற இடத்தில் 'எதுவுமில்லை' என்பதைத் தேர்ந்தெடுத்தார். வீட்டிலிருந்த கருவிகளையெல்லாம் தானே திரும்ப இணைத்தும் வைத்தார். முப்பத்திரண்டு வருட அனுபவம் பேசியது.

அடுத்த மாதம் மருமகளின் அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. வீட்டு இணைய இணைப்புக்குப் பாஸ்வேர்டு உண்டா, எத்தனை கருவிகள் சேர்ந்திருக்கின்றன என்று கேட்டிருந்தார்கள். அவள் அறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"மாமா, நம்ம வைஃபைக்கு பாஸ்வேர்டு எல்லாம் சரியா இருக்குல்ல?"

"யாருகிட்டம்மா கேக்கறே?" என்றார் அவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். "தைரியமா கையெழுத்துப் போடு."

அவள் போட்டாள். கருவிகள் நான்கு என்றும் எழுதினாள்.

ஒரு வருடம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கடிதம் வந்தது. அலுவலகம் அவள் லேப்டாப்பில் வைத்திருந்த காவல் மென்பொருள், அதே இணைப்பில் பதினொரு கருவிகளைப் பார்த்திருக்கிறது. ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும், அதுவரை வேலை கிடையாது, விளக்கம் சரியில்லையென்றால் இனிமேலும் கிடையாது. மருமகள் லேப்டாப்பை மூடிவிட்டு அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அதெல்லாம் ஜனங்களோட வியாதி விவரம் மாமா. வெளியில போச்சுன்னா அப்புறம் யாருமே என்னைய எடுக்க மாட்டாங்க."

சாவிக்காரர் விரல்விட்டு எண்ணினார். வைஃபையின் பெயர் தெரிந்தவர்கள் அவர், மனைவி, மருமகள். கப்பலில் இருக்கும் மகனை விட்டுவிடலாம். மிச்சம் ஒரே ஒரு ஆள், மருமகளின் அண்ணன். லாரி ஓட்டுகிறவன். ஓட்டம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, சோபாவில் சாய்ந்து போனில் படம் பார்ப்பான். அவன் போனில் பெயரை அடித்துக் கொடுத்தது சாவிக்காரரேதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவன் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். செருப்பைக் கழற்றி உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை.

"தம்பி, உங்க லாரி ஷெட்டுல எத்தன பேருக்கு நம்ம வீட்டு வைஃபையைச் சொல்லி வெச்சிருக்கே?" என்று கேட்டார் சாவிக்காரர்.

"நான் ஏன் மாமா சொல்றேன்?"

"பேரு தெரிஞ்சது நாங்க மூணு பேரு, அப்புறம் நீ. நாங்க சொல்லல. உன் கூட்டாளிங்க கீழ தெருவுல வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருக்கறத நானே பாத்திருக்கேன். உன் தங்கச்சி வேலை போகப்போகுதுப்பா. யார் யாருன்னு சொல்லிடு."

அவன் தங்கையைப் பார்த்தான். அவள் மாமாவைப் பார்த்தாள். அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, திறந்து, மேஜைமேல் வைத்தான்.

"பாத்துக்கங்க மாமா. யாருக்கு என்ன அனுப்பிச்சிருக்கேன்னு எல்லாம் அதுல இருக்கு."

சாவிக்காரர் அதைத் தொடவில்லை. அவன் போனைத் திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்பினான். 'சாப்பிட்டுப் போ அண்ணா' என்று மருமகள் படி வரைக்கும் ஓடினாள். பழப்பை மட்டும் மேஜையில் இருந்தது.

"ஏங்க, இப்படியா கேக்கறது?" என்றாள் மனைவி.

"கேக்க வேண்டியதக் கேட்டேன்," என்றார். சொல்லும்போது உறுதியாகத்தான் இருந்தார்.

மருமகள் புகார் சொல்லியிருந்ததால், செவ்வாய்க்கிழமை காலை இணைய இணைப்புக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். தோளில் ஒரு கருவிப் பை, காலில் மழைச் சேறு. அறை அறையாகப் போகாமல் கூடத்தின் நடுவில் நின்று தன் போனை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"அம்முக்குட்டி," என்று சத்தமாக வாசித்தாள். "இதானா உங்களோடது?"

மனைவி விருட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். அது சாவிக்காரர் அவளை, யாரும் இல்லாதபோது மட்டும் கூப்பிடும் பெயர். அவருக்குக் காது மடல் வரை சூடேறியது.

"மறைச்சில்லம்மா வெச்சிருக்கேன். உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"பேரை மறைச்சா அலை மறைஞ்சிடுமா சார்? அது வந்துக்கிட்டேதான் இருக்கும். உங்க போன் ஒண்ணு இதுல சேரும்போது பேரும் தானா வெளியில வந்துடும். பாக்கறதுக்குன்னே இலவசமா ஆப் இருக்கு." அவள் ரவுட்டரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அதோட இன்னொரு கூத்து இருக்கு. மறைச்ச வைஃபைன்னா, நிறைய போனு போற இடமெல்லாம் அதத் தேடும். பஸ்ல, கடையில, எங்க போனாலும் 'அம்முக்குட்டி இருக்கியா, அம்முக்குட்டி இருக்கியா'ன்னு கேட்டுக்கிட்டே போகும். காது குடுக்கறவனுக்குக் கேக்கும்."

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து நாளில் முதல் சிரிப்பு. உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள். சாவிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. கடையில் மேஜை இழுப்பறைக்குள் கிடக்கும் தன் போனை நினைத்தார். ஒரு வருடமாக, மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் உட்கார்ந்து, கடைத்தெரு முழுக்கக் கூவியது தானேதான் என்று புரிந்தது. லாரி ஷெட்டில் யாருக்கும் யாரும் எதையும் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

"பேரு தெரிஞ்சாலும் ஒண்ணும் ஆகியிருக்காது சார்," என்றாள் அவள். "பாஸ்வேர்டே இல்லையே. பூட்டாத வீடு. ஏழு பேரு உள்ள இருக்காங்க. யாரு பாஸ்வேர்டை எடுத்தது?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் மானம் பாதியாவது தப்பியிருக்கும். ஆனால் வாய் தானாகவே திறந்தது.

"மாட்டிக் குடுத்த ஆளு அப்படியே விட்டுட்டுப் போயிருப்பாரு."

"எங்க ஆளா? அப்ப நான் எழுதியே ஆகணும். அவர்கிட்ட விளக்கம் கேப்பாங்க." அவள் பையிலிருந்து அட்டையில் செருகிய தாளை எடுத்தாள். "இல்லேன்னா வாடிக்கையாளர்னு எழுதணும். இணைப்பு யாரு பேர்ல சார் இருக்கு?"

இணைப்பு மருமகளின் பெயரில் இருந்தது. மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் யாரிடம் கேட்டோம் என்பது அவளுக்கு மறந்திருக்காது. அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். யாரோ ஒருவன் ஏணியில் ஏறிக் கம்பி மாட்டி, வியர்வை வழியத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனது அவருக்கு நினைவு வந்தது. அவன் ரவுட்டரின் அடியில் பாஸ்வேர்டை ஒட்டிவிட்டுத்தான் போனான்.

"நான்தாம்மா எடுத்தேன்," என்றார். குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னார். "நான்தான். அந்த ஆளு ஒழுங்காத்தான் போட்டுக் குடுத்தாரு."

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க சார்?"

அவள் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"பூட்டு," என்றார். "பூட்டு சாவி."

அவள் சிரிக்கவில்லை. குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். சிரித்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. பித்தளைப் பூவுக்கு அடியில் துளை மட்டுமா வைத்தார், அதற்குப் பின்னால் ஐந்து நெம்புகோல் வைத்த அசல் பூட்டு ஒன்றையும் அல்லவா ஒவ்வொரு அலமாரியிலும் வைத்தார். பூவைப் பற்றியே பேசிப் பேசிப் பூட்டை மறந்துவிட்டார். முப்பத்திரண்டு வருடப் பெருமையும் அந்தக் கூடத்தில் கழன்று விழுந்தது.

அப்புறம் அவள் வேலையைப் பார்த்தாள். பெயரைப் பட்டியலில் தெரியும்படி திரும்ப வைத்தாள். பாதுகாப்பு முறையில் இருப்பதிலேயே புதியதைத் தேர்ந்தெடுத்தாள். சம்பந்தமே இல்லாத நாலு சொற்களைக் கோத்து நீளமான பாஸ்வேர்டு ஒன்றை மருமகளையே வைக்கச் சொன்னாள். ரவுட்டருக்குள் போகும் பாஸ்வேர்டு, வாங்கியபோது இருந்ததே இருந்தது. அதையும் மாற்றினாள். விருந்தாளிகளுக்குத் தனியாக ஒரு இணைப்பு வைத்தாள். ஏழு பேரும் வெளியே போய்விட்டார்கள்.

"யாரு வேணா பாக்கட்டும் சார். பூட்டு நல்லா இருந்தா போதும். பேரு மட்டும் மாத்திடட்டுமா?"

"மாத்தும்மா, மாத்து," என்றார் அவசரமாக.

"இருக்கட்டும், விடு," என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஊரே கேட்டாச்சு. இனிமே என்ன?"

அன்று அவர் கடைக்குப் போகவில்லை. மருமகளின் அலுவலகத்துக்குத் தன் கையாலேயே கடிதம் எழுதினார். பாஸ்வேர்டை எடுத்தவன் நான், என் மருமகளுக்கு அது தெரியாது, அவள் கேட்டபோது இருக்கிறது என்று சொன்னவனும் நான் என்று எழுதினார். நாலு தடவை எழுதிக் கிழித்தார். ஒவ்வொரு தடவையும், தன்னை அறியாமல், வயதைப் பற்றியும் வீடியோவைப் பற்றியும் ஒரு வரி வந்து சேர்ந்துகொண்டது. ஐந்தாவதில்தான் மூன்று வரியோடு நிறுத்த முடிந்தது.

வியாழக்கிழமை அலுவலகம் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அவர்களுடைய கோப்புகள் எதையும் யாரும் தொடவில்லையாம். ஆனால் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டதற்காக ஓர் எச்சரிக்கை, ஒரு வருடம் அவள் பெயரில் இருக்கும் என்றார்கள்.

"பரவாயில்ல மாமா," என்றாள் அவள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

அவள் அண்ணன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. மூன்றாவது வாரம் தங்கை கூப்பிட்டதால் வந்தான். பழப்பை இல்லை. சோபாவின் நுனியில் உட்கார்ந்தான், போன் சட்டைப்பையிலேயே இருந்தது. மருமகள் அவசர வேலை ஒன்று வந்து பின்னறையில் இருந்தாள். சாவிக்காரர் விருந்தாளிப் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். அதை நீட்டினார்.

"வேணாம் மாமா. என்கிட்டயே நெட் இருக்கு."

நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. சாவிக்காரர் தாளை மடித்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், திரும்ப உட்கார்ந்தார்.

"தம்பி, அன்னைக்கு நான் கேட்டது தப்பு. உன்மேல எந்தத் தப்பும் இல்ல."

"தங்கச்சி சொன்னா மாமா. பாஸ்வேர்டு எடுத்தத ஒத்துக்கிட்டீங்களாம்."

"ஆமா."

"என்னையச் சொன்னதப் பத்தி அப்ப ஒண்ணும் பேசலையாமே."

சாவிக்காரர் மடித்த தாளை இன்னொரு தடவை மடித்தார். ஆமாம், பேசவில்லை. பூட்டாமல் விட்டதை ஒத்துக்கொண்டது போதும் என்று நினைத்திருந்தார்.

"நான் லாரி ஓட்டறவன். செக்போஸ்ட்டுக்குச் செக்போஸ்ட்டு எவனாவது இறங்கு, காட்டுன்னு சொல்லுவான். எனக்கு அது பழக்கம்," என்றான் அவன். கோபமே இல்லாத குரல். "ஆனா என் தங்கச்சி முன்னாடி கேட்டீங்க மாமா. சொல்றதா இருந்தா இதையும் அவ முன்னாடி சொல்லுங்க."

சாவிக்காரர் எழுந்து பின்னறைக்குப் போனார். கதவு திறந்துதான் இருந்தது. மருமகள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, யாரோ ஒரு டாக்டர் பேசியதைக் கேட்டு வேகமாக அடித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைக் கூப்பிடவில்லை. அவள் நிமிரும் வரை வாசலிலேயே நின்றார். கால் வலித்தது. அவள் நிமிர்ந்து, காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, "என்ன மாமா?" என்றாள்.

"கொஞ்சம் கூடத்துக்கு வாம்மா," என்றார். "உங்க அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். நீ பக்கத்துல இருக்கணும்."