சன்னத்துக்குப் பூசிய மெழுகு

தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் ஒன்றாக உருகும்போது எழுகிற மணம் முதலில் இனிப்பாக இருக்கும், பிறகு தொண்டையைக் கட்டும். எண்பதுகளின் நடுப்பகுதியில், லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டுக் 'குசினி'யில், சனிக்கிழமை மத்தியானங்களில் அந்த மணம் மீன்குழம்பையும் மீறி நிற்கும். இன்றைக்கும் எங்காவது தேன்மெழுகு மணந்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பக்கத்து வீட்டு ரொன் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. பழங்காலத்துக் கருமருந்துத் துவக்கால் கண்ணுக்கு எட்டாத தூரத்திலிருக்கும் குறிப்பலகையைச் சுடுவது அவருடைய ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. நெடுநேரம் நின்று வேலைசெய்ய அவருக்கு முதுகு விடாமல் போனதும், ஈயத்தில் 'சன்னம்' என்கிற குண்டு வார்த்து நல்லதைத் தெரிந்தெடுக்கும் வேலை அப்பாவிடம் வந்தது. துவக்கும் மருந்தும் ரொன் வீட்டு இரும்புப் பெட்டியிலேயே இருந்தன. எங்கள் வீட்டுக்கு வந்தவை ஈயமும் அச்சும் தராசும்தான். அப்பா மன்னார்க்காரர், 'இடியன்' என்கிற நாட்டுத் துவக்கோடு காட்டுக்குப் போன குடும்பம். "எங்கட இடியனுக்கு ஆணியையும் உடைஞ்ச பூட்டையும் போட்டு இடிச்சாலும் காட்டுப்பண்டி விழும். இது ராசா வீட்டுப் பிள்ளை, கண்டதையும் தின்னாது" என்பார்.

தின்னாதுதான். அச்சு சூடேறாமல் வார்த்த சன்னத்தில் சுருக்கம் விழும். அது திரும்பவும் உருகப் போகும். தராசில் நிறை குறைந்தால் உள்ளே காற்றுக்குமிழ் இருக்கிறது என்று அர்த்தம், அதுவும் போகும். எல்லாவற்றிலும் முக்கியம் அடிப்பக்கம். மருந்து வெடித்துப் பின்னாலிருந்து தள்ளுவதால், அடி விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தாலும் சன்னம் வழியிலேயே தள்ளாடிவிடும். "மூக்குச் சப்பை எண்டாலும் கலியாணம் நடக்கும், அடி பிழைச்சால் ஒண்டும் நடவாது" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றையும் யன்னல் வெளிச்சத்தில் கவிழ்த்துப் பார்ப்பார். பிள்ளைகள் எங்கள் மூன்று பேரில் ஒருவருடைய முகத்தையாவது அவர் அப்படி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

தேறிய சன்னங்களைச் சுற்றியிருக்கும் வரிப்பள்ளங்களில் மெழுகுக் கலவையைப் பூசுவார். கருமருந்து எரிந்தால் குழலில் கரி இறுகிவிடும், அதை இளக்க இந்தப் பூச்சு வேண்டும். மருந்து, அதன்மேல் அட்டை வட்டம், அதன்மேல் சன்னம் என்று மைதானத்தில் ரொன் இடித்து இறக்குவார். கொழுப்பை இறைச்சியிலிருந்து வெட்டிக் கொடுத்தது அம்மாதான். "ஆம்பிளையளுக்கு ஒரு விசர் வேணும். குடிக்கிறதுக்கு இது பரவாயில்லை" என்று சிரிப்பார். மெழுகுக்கு அப்பா தேவாலயத்தில் மிஞ்சும் திரித்துண்டுகளைக் கேட்டு வாங்கிவருவார்.

அப்போதுதான் ஊரிலிருந்து அந்தத் தொலைபேசி வந்தது. அம்மாவின் ஒரே தம்பி, எங்கள் செல்வம் மாமா, சைக்கிளில் போகும்போது சுடப்பட்டார். சுட்டது யார் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள், உடல் கிடைக்கவில்லை. அதற்கு முதல் வருடம் மடு மாதா கோயில் திருநாளில் வாங்கி, லண்டனுக்கு வந்த ஒருவரிடம் மாமா கொடுத்துவிட்ட மஞ்சள் தேன்மெழுகுதிரி ஒன்று மட்டும் அம்மாவிடம் இருந்தது. துணியில் சுற்றி மாதா படத்தடியில் வைத்திருந்தார். "அவனுக்குக் குழியும் இல்லை, குருசும் இல்லை. முப்பத்தொண்டாம் நாள் செபத்துக்கு இந்தத் திரியாவது எரியட்டும்" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "இஞ்சாருங்கோ, அதுவரைக்கும் அந்தச் சன்னத்தை வீட்டுக்குள்ள எடுக்காதையுங்கோ" என்று கேட்டார். அப்பா "ஓம்" என்றார். சொன்ன சொல் தவறவில்லை, எல்லாவற்றையும் பின்வளவுக் கொட்டிலுக்குக் கொண்டுபோய் அங்கே வார்த்தார்.

முப்பத்தோராம் நாள் வீடு நிறையச் சனம். சுவாமியார் செபப்புத்தகத்தைத் திறந்துவிட்டுக் காத்திருக்க, அம்மா துணியை அவிழ்த்தார். மடிப்புக் கலையாத துணி, உள்ளே ஒன்றுமில்லை. அம்மா எங்களைப் பார்க்கவில்லை, நேரே அப்பாவைத்தான் பார்த்தார்.

"ரொன்ர போட்டிக்கு மெழுகு போதாமல் போச்சு" என்றார் அப்பா, ஏதோ உப்பு முடிந்த கதை சொல்வதுபோல. "அது நல்ல தேன்மெழுகு, இஞ்ச கடையளில அப்பிடிக் கிடையாது. வேற திரி கொளுத்துவம்."

அண்ணை ஓடிப்போய் சந்திக் கடையில் ஒரு வெள்ளைத் திரி வாங்கிவந்தான். செபம் நடந்தது, சாப்பாடும் நடந்தது. சனம் போனபிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டே அம்மா சொன்னார்: "என்ர தம்பியைச் சுட்டவங்கள்கூட அவன்ர திரியில கை வைக்கேல்லை." மாமாவுக்காக எரியவேண்டியது ஏற்கனவே ஒரு புல்வெளியில், ஒரு அட்டைப் பலகைக்காக எரிந்து முடிந்திருந்தது. ஒன்றும் அறியாத ரொன் அடுத்த நாள் தன் வெற்றிக் கிண்ணத்தோடு நன்றி சொல்ல வந்தார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் மெழுகுதிரி எரியவில்லை. மாதா படத்துக்கு முன்னால் ஒரு சிவப்பு மின்குமிழ் வந்தது. தொண்ணூறுகளில் ரொன் செத்து, அவருடைய துவக்கு எங்கோ விலைப்பட்டு, குசினியையும் இடித்துப் பெரிதாக்கியாயிற்று. அந்த மணமும் போய்த் தொலைந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாரியில் அம்மா காலமானார். அம்மாவின் படத்தடியில் வைக்க ஒரு திரி தேடினோம்; வீட்டில் ஒரு துண்டுகூட இல்லை. ஏதாவது கிடக்கும் என்று கொட்டிலைத் திறந்த அண்ணை ஒரு தகரப் பேணியோடு வந்தான். உள்ளே சாம்பல் பூத்த சன்னங்கள், அந்தப் போட்டிக்கு வார்த்து மிஞ்சியவை. வரிகளுக்குள் மஞ்சள் மெழுகு அப்படியே இருந்தது. செல்வம் மாமா அனுப்பியதில் மிச்சம் அவ்வளவுதான்.

அப்பா ஒன்றை எடுத்தார். அழப்போகிறார் என்றே நினைத்தேன், அழுதிருந்தால் மன்னித்துமிருப்பேன். அவர் அதை யன்னல் வெளிச்சத்தில் மெல்லக் கவிழ்த்துப் பார்த்தார்.

"அடி பிழைக்கேல்லை" என்றார்.