மாட்டு முளையமும் மரீன் டிரைவ் கொலஸ்ட்ரோலும்

கொழும்பு வெள்ளவத்தையில் நாற்பது தாண்டிய தமிழனுக்கு இரண்டு சாதகங்கள் உண்டு. ஒன்று பிறந்த நேரம் பார்த்து எழுதியது, கலியாணத்தோடு காலாவதியாகிவிடும். மற்றதை வெறும் வயிற்றோடு போய் இரத்தம் கொடுத்து வாங்கவேண்டும். நல்ல கொலஸ்ட்ரோல், கெட்ட கொலஸ்ட்ரோல் என்று கட்டம் போட்டு வரும். விடியக்காலையில் மரீன் டிரைவில் நடப்பவர்களில் கடலைப் பார்ப்பவர் எவருமில்லை. ஒருவர் கொலஸ்ட்ரோலை மற்றவர் விசாரித்துக்கொண்டு நடப்பார்கள். குறைந்தவர் முன்னால், கூடியவர் பின்னால். நான் பின்னால் நடக்கிறவன்.

இப்படிப்பட்ட ஊரில் என் மனைவி மாட்டு முளையங்களின் கொழுப்பை, பாடப்புத்தகத் தமிழில் சொன்னால் இலிப்பிட்டை, ஆராய்கிறாள். கருக்கட்டி ஏழு நாள்தான் ஆன மாடு அது, வெறுங்கண்ணுக்குத் தூசு. அந்தத் தூசுக்குள் கொழுப்பு துளித்துளியாக இருக்கும். அதை எரித்துத்தான் அது பிழைக்கிறது. எந்தக் கொழுப்பமிலம் எரிகிறது, எது தேங்குகிறது என்பதுதான் அவளுடைய கவலை. என்னுடையதைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

கண்ணாடித் தட்டில் வளர்க்கும்போது, இரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை முளையத்துக்கு ஊட்டமாக விடுவார்கள். அது தாராளமானால் முளையம் கொழுத்து, நுணுக்குக்காட்டியில் கறுத்துத் தெரியும். கறுத்ததைத் திரவ நைதரசனில் உறையவைத்து எடுத்தால் பெரும்பாலும் செத்துவிடும். மனைவி ஊட்டத்தைக் குறைத்து, வெளிறிய முளையங்களை வளர்த்தாள். ஆய்வுகூட மேலிடத்துக்கு அது ஆராய்ச்சியாகப் படவில்லை, கஞ்சத்தனமாகப் பட்டது. இந்த முறையும் பிழைக்காவிட்டால் வேலையை நிறுத்தி, அறையை வேறு பிரிவுக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை கறுத்ததையும் வெளிறியதையும் உறைவிலிருந்து எடுத்தார்கள். எடுத்தவுடன் எல்லாம் காற்றுப்போன பந்துமாதிரிச் சுருங்கிக் கிடக்கும். உயிர் இருப்பது மறுநாள் உப்பி வரும். ஞாயிறு காலை உதவியாளர் பார்த்துவிட்டுப் போனில் சொல்வதாக ஏற்பாடு. தானே போய்ப் பார்க்கும் துணிவு மனைவிக்கு இருக்கவில்லை. எனக்குச் சொன்ன காரணம், லிஃப்ட் பழுது, முழங்கால் நோவு.

அந்த ஞாயிறு பார்த்துத்தான் தொடர்மாடிக் கமிட்டித் தலைவர் கதவைத் தட்டினார். ஓய்வுபெற்ற வங்கி மனேஜர்; லிஃப்டைத் திருத்தமாட்டார், திருத்துவது பற்றிய கூட்டத்துக்கு நன்றியுரை சொல்வார். முதல்நாள் எங்கள் வட்ஸ்அப் குழுவில் ‘நம்மிடையே ஒரு கொழுப்பு நிபுணர்’ என்று பூங்கொத்துப் படத்தோடு போட்டிருந்தார். மாடு என்ற சொல்லுக்கு இடம் போதவில்லை. பூங்கொத்துக்குப் போதியிருந்தது. நானும் பெருமை தாங்காமல் அதைக் கொட்டாஞ்சேனையிலிருக்கும் மச்சானுக்கு அனுப்பியிருந்தேன். புறக்கோட்டையில் புடைவைக்கடை வைத்திருக்கும் மாமா மகன். அவனும் தலைவருக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். இருவர் கையிலும் இரத்த ரிப்போர்ட். மச்சானின் மற்றக் கையில் உழுந்துவடைப் பொதி. எண்ணெய் கடதாசியைத் தாண்டி அவன் சட்டைக்கு வந்திருந்தது.

“தங்கச்சி, ஒருக்கா பாரும். டொக்டர் கொலஸ்ட்ரோலுக்குக் குளிசை எழுதிப்போட்டார். நீர் வேண்டாமெண்டால் நான் போடேல்லை,” என்றான் மச்சான்.

“டொக்டர் தந்ததைப் போடுங்கோ அண்ணை. நான் பாக்கிறது மனுசரை இல்லை.”

“பரவாயில்லை. கொழுப்பு கொழுப்புத்தானே.”

தலைவர் கதிரையில் அமர்ந்து வடையைப் பிய்த்தார். “பிள்ளை, எனக்குப் போன முறையைவிட இறங்கியிருக்கு. நடையாலயோ, தேங்காய்ப்பாலை விட்டதாலயோ?”

“அங்கிள், நான் பாக்கிறது மாட்டுக் கரு.” அவளுடைய கண் மேசையிலிருந்த போனைவிட்டு அசையவில்லை.

தலைவர் மெல்லுவதை நிறுத்தினார். கோயில் சபையிலும் அவருக்கு ஒரு கதிரை உண்டு. “அது எங்கயிருந்து எடுக்கிறனீங்கள்?”

“மாடு வெட்டுற இடத்திலயிருந்து சூலகம் வரும், அதில முட்டை எடுத்துக் கருக்கட்ட வைப்பம். மாளிகாவத்தை முஸ்லிம் நானா ஒராள் ஃபிளாஸ்கில சூடு ஆறாமல் கொண்டுவந்து தருவார்.”

“சிவசிவா!” என்றார் தலைவர். பசுவின் புனிதம் எங்கள் ஹோலில் எழுந்தருளி, அந்த வடை அவர் தொண்டையைக் கடக்கும்வரை தங்கியிருந்தது. பிறகு, “அப்ப மாட்டுக்கும் கெட்ட கொலஸ்ட்ரோல் இருக்கோ?” என்றார்.

தலைவருக்குப் பதில் சொல்லாமல் நான் சும்மா இருந்திருக்கலாம். என்னைப்போல் பத்திரிகைக்குப் பத்தி எழுதுகிறவனுக்கு அது வராது. “அளவுக்கு மிஞ்சி ஊட்டினால் குளிர் தாங்காது அண்ணை. எங்கட பிள்ளையள் மாதிரி. இஞ்ச முட்டையும் பாலும் ரியூஷனும் தீத்தித் தீத்தி, கனடாவுக்கு அனுப்பினால்...”

“இஞ்சேருங்கோ,” என்றாள் மனைவி. “அதை எழுதினீங்களெண்டால் தெரியும். அது உவமை இல்லை. முளையம்.”

“விழுந்திட்டுது மச்சான், அடி!” என்று மச்சான் தொடையில் தட்டினான்.

தலைவர் சிரிக்கவில்லை. அவருடைய மகன் கனடாவிலிருந்து முதல் பனியோடு திரும்பிவந்து, மேல்மாடியில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. என்னுடைய ஞாபகம் எப்போதும் வாய்க்குப் பின்னால்தான் நடக்கும்.

போன் அடித்தது.

மனைவி சிங்களத்தில் பேசினாள். முதலில் கறுத்தவற்றைப் பற்றிக் கேட்டாள். “ம்” என்றாள். பிறகு வெளிறியவற்றைப் பற்றிக் கேட்டாள். போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். மச்சான் கையிலிருந்த வடையை மறந்து அவள் முகத்தையே பார்த்தான். யாருக்கோ ரிப்போர்ட் வந்திருக்கிறது என்ற அளவுக்கு அவனுக்கும் விளங்கியது.

“உப்பியிருக்காம்,” என்றாள் போனை வைத்துவிட்டு. “வெளிறினதுகள் அரைவாசிக்கு மேல. கறுத்ததுகள் அப்பிடியே சுருங்கிக் கிடக்குதாம்.” சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினாள்.

“முழங்கால்?” என்றேன்.

“எந்த முழங்கால்?”

“நல்லது பிள்ளை, நல்லது,” என்று தலைவர் எழுந்தார். “அப்ப பிழைச்சதுக்கு என்ன சாப்பாடு குடுத்தனீங்கள்?”

“குறைச்சுக் குடுத்தனாங்கள் அங்கிள்.”

“குறைச்செண்டால், எவ்வளவு?”

அவள் படியிறங்கிக்கொண்டிருந்தாள். தலைவர் கதவடிக்குப் போய் மறுபடி கேட்டார். கீழிருந்து செருப்புச் சத்தம்தான் வந்தது. அவர் நிமிர்ந்து மேல்படியை ஒருதரம் பார்த்தார். பிறகு வந்து கதிரையில் இருந்து, ரிப்போர்ட்டை நான்காக மடித்தார்.

என் சட்டைப்பைக்குள்ளும் ஒரு ரிப்போர்ட் இருந்தது. இவர்கள் போனபிறகு மெல்ல நீட்டலாமென்று காலையிலிருந்து வைத்திருந்தேன். ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். நோவில்லாத முழங்காலோடு அவள் பஸ்கள் ஓடும் காலி வீதிப் பக்கம் ஓடி, ஓட்டோ ஒன்றை மறித்தாள்.

தட்டில் ஒரு வடை மிஞ்சியிருந்தது. மூவரும் அதைப் பார்த்தோம். நான்தான் முதலில் கை நீட்டினேன்.