லிஃப்டில் ஒட்டிய நாலு வரி

டார்ச் அக்காவின் போனுக்கு வரும் படங்களில் பாதி பாம்பே இல்லை. அறுந்த கேபிள், ஷூ லேஸ், ஒருமுறை யாரோ கழற்றிப் போட்ட பெல்ட். மீதிப் பாதி பாம்புதான், ஆனால் அடித்துக் கூழாக்கிய பிறகு எடுத்த படம். தலை இருக்காது. தலை இருந்தால் எடுத்தவர் கை நடுங்கியிருக்கும். எல்லாவற்றுக்கும் கீழே ஒரே கேள்வி: "விஷமா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுக்கா."

அந்த 'ஒரே வார்த்தை'யைக் கேட்டாலே அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "மூஞ்சிய நசுக்கிட்டு இது யாரு மூஞ்சின்னு கேக்கறாங்க" என்று முணுமுணுப்பார். பிறகு படத்தைப் பெரிதாக்கி, தெரிகிற செதில்களைப் பார்த்து, மூன்று வரியில் பதில் எழுதுவார். அது போய்ச் சேர்வதற்குள் கேட்டவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

பகலில் அவர் ஒரு பள்ளி ஆய்வகத்தில் உதவியாளர். குடுவை கழுவுவது, தராசு துடைப்பது, அமிலப் புட்டிகளை எண்ணிப் பூட்டுவது. பாம்பு அவர் வாழ்க்கைக்குள் வந்ததும் அங்கேதான், அதுவும் செத்த பாம்பு. அலமாரியில் ஸ்பிரிட்டில் ஊறிக் கிடந்த ஒன்றின்மேல் 'கட்டுவிரியன், கொடிய விஷம்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. பத்தொன்பது வருடமாக அதைக் காட்டித்தான் பாடம். ஒரு விடுமுறையில் புட்டியைத் துடைக்கும்போது லென்ஸ் கையில் இருந்தது, படம் போட்ட புத்தகமும் மேசையில் இருந்தது. கட்டுவிரியனுக்கு முதுகின் நடுவரிசைச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரிதாக, ஆறு மூலையோடு இருக்கும். புட்டியில் இருந்ததற்கு அப்படி இல்லை. அது வெள்ளிக்கோல் வரையன். விரியனைப் போலவே கறுத்த உடம்பில் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு திரிகிற, விஷமில்லாத பாம்பு.

ஆசிரியரிடம் சொன்னார். "இத்தனை வருஷம் விரியனா இருந்துச்சு, இப்ப எதுக்கும்மா மாத்திக்கிட்டு?" என்றார் அவர்.

அக்கா சீட்டை மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அந்த எரிச்சல் அடங்காமல் அவரை ஒரு கல்லூரி நடத்தும் பாம்பு, தவளைக் கணக்கெடுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது. வாரத்தில் இரண்டு இரவு, எட்டு மணியிலிருந்து பத்துவரை, வாய்க்கால் கரையில் ஒரு கிலோமீட்டர். துணைக்கு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வருவார். பாம்பென்றால் பத்தடி தள்ளி நிற்பார். ஆனால் ஓடமாட்டார், நிற்பார்.

அக்கா டார்ச்சை முழங்கால் உயரத்தில், தரையோடு படுக்கிற மாதிரிப் பிடிப்பார். அப்போது எல்லாவற்றின் நிழலும் நீளும். சுள்ளியின் நிழல் நேராக விழும், சருகின் நிழல் கிழிந்து விழும். இரண்டிலும் சேராத நிழலைக் கண்டால் நின்றுவிடுவார். கிட்டே போவதில்லை, தொடுவதில்லை. படிவத்தில் முதலில் இடம், நேரம், பிறகு கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே மங்குகிறது, நடுச்செதில் எப்படி. பெயர் எழுதும் கட்டம் கடைசி. நாம் பெரும்பாலும் பெயரை முதலில் எழுதிவிட்டு, அதற்குப் பொருந்துவதை மட்டும் பார்க்கிறோம். அக்காவின் படிவங்களில் அந்தக் கடைசிக் கட்டத்தில் 'தெரியவில்லை' என்று நிறைய இருக்கும். அவரைப் பற்றி மெச்சிச் சொல்ல வேண்டுமென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். துணிச்சல் இரண்டாம்பட்சம்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் சலித்துப்போனார். ஒரே இரவில் பதினோரு படம் வந்தது, அதில் ஒன்று மாவாட்டும் எந்திரத்தின் பெல்ட். "இனிமே என்னால முடியாது" என்று சொல்லி, அடையாளம் காணும் வழியை ஒரு தாளில் எழுதினார். கழுத்திலேயே கோடு தொடங்கி வாலில் மங்கினால் வரையன், பயமில்லை. கழுத்து வெறுமையாக இருந்து, பின்னால் போகப்போகக் கோடு தெளிந்தால் விரியன், விலகு. அதற்குக் கீழே இன்னொன்று: விரியன் குட்டிக்குக் கழுத்திலேயே கோடு இருக்கும், ஆகவே நடுச்செதிலைப் பார்க்காமல் முடிவு செய்யாதே.

அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். தான் பராமரிக்கிற முப்பத்தெட்டு லிஃப்டிலும் உள்ளே 'ஆறு பேருக்கு மேல் ஏறாதீர்' என்று ஒட்டுகிறவர். தாளை வாங்கிப் படித்தார்.

"நல்லா இருக்கு. லிஃப்ட்ல ஒட்டறேன். ஆனா இந்தக் கடைசிப் பகுதி வேணாம்."

"ஏங்க? அதுதானே முக்கியம்?"

"ஒட்டற காகிதத்துல நாலு வரிதான் புடிக்கும். அதுவுமில்லாம, ரெண்டு மாடி போறதுக்குள்ள எவன் இவ்ளோ படிப்பான்? சின்னதா இருந்தாதான் மனசுல நிக்கும்."

"குட்டி வந்தா?"

"குட்டி எவ்ளோ பெருசு இருக்கப் போகுது!"

அக்கா ஒரு நிமிடம் யோசித்தார். போன் மறுபடி ஒலித்தது. "என்னமோ பண்ணுங்க" என்றார். ஒரு விதியைச் சுருக்கும்போது முதலில் உதிர்வது, அது எங்கே செல்லாது என்கிற பகுதிதான். அவருக்கு அது தெரியும். தெரிந்தும் விட்டார்.

நாலு வரி ஊர் முழுக்கப் பரவியது. படங்கள் குறைந்தன. மாதக் கணக்கில் நிம்மதி.

அன்று அக்கா வாய்க்காலில் ஒரு தவளையையும் இரண்டு தண்ணீர்ப் பாம்பையும் எழுதிவிட்டுப் பத்தேகால் மணிக்கு வீடு திரும்பினார். கூடத்தில் கணவர் புதுமாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தார். மாடிவீட்டிலிருந்து இறங்கி வந்த நாத்தனார் பக்கத்தில். மேசைமேல் மூடியில் துளை போட்ட ஒரு கண்ணாடி ஜாடி.

"அண்ணி, அண்ணன் உங்களுக்கு என்ன புடிச்சிட்டு வந்திருக்குன்னு பாருங்க!"

"லிஃப்ட் நின்னுபோச்சுன்னு கூப்டாங்க" என்றார் கணவர். "அடியில இருக்கற குழியில எறங்கறேன், மூலையில இது. ஒரு சாண் இருக்கும். டார்ச் அடிச்சேன். கழுத்துலயே கோடு. வரையன்! நானே கண்டுபுடிச்சேன். ஜாடிக்காக வாட்ச்மேன் வீட்டுல ஊறுகாயக் காலி பண்ண வச்சேன்."

"கையாலயா எடுத்தீங்க?"

"பின்ன? ஒரு கடி கூட வச்சுது. கொசு கடிச்ச மாதிரி. வீக்கமே இல்ல பாரு." வலது ஆள்காட்டி விரலை நீட்டினார்.

அக்கா விரலைப் பார்க்கவில்லை. ஜாடியைச் சுழற்றி, டார்ச்சைச் சாய்த்து, லென்ஸை வைத்தார். முதுகின் நடுவில் ஒரு வரிசை ஆறு மூலைச் செதில்கள், கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று.

"எத்தன மணிக்குக் கடிச்சுது?"

"எட்டே கால் இருக்கும். ஏன்?"

"எழுந்திருங்க. இது விரியன் குட்டி. ஆஸ்பத்திரி போகணும்."

"ஆரம்பிச்சிட்டியா? நீதானே எழுதுன, கழுத்துல கோடு இருந்தா..."

"குட்டிக்கு அது செல்லாதுன்னும் எழுதினேன். நீங்கதான் வெட்டுனீங்க!"

"அப்ப நாலு வரியும் பொய்யா? முப்பத்தெட்டு லிஃப்ட்ல ஒட்டியிருக்கேன்டி!"

"அண்ணி, வலியே இல்லைங்குது" என்றார் நாத்தனார். "விஷம்னா துடிக்காதா? சாப்பிட்டுட்டு தூங்கட்டும், காலைல பாத்துக்கலாம். அண்ணனுக்குத் தூக்கமா வருதாம்."

"விரியன் கடிச்சா வலிக்காதும்மா, அதான் ஆபத்து! தூக்கமா வருதா?" என்றார் அக்கா. உலகத்துக்கெல்லாம் பாம்பு சொல்லிக்கொடுத்தவரின் பேச்சைச் சொந்த வீட்டில் அவர் எழுதிய காகிதமே மறித்துக்கொண்டு நின்றது. தரதரவென்று இழுத்துக்கொண்டு போகலாம் என்றால் கணவர் இவரைப்போல் ஒன்றரை ஆள்; கடிபட்டவரை அசையவும் விடக்கூடாது.

லென்ஸைக் கணவர் கையில் திணித்தார். "என்ன நம்ப வேணாம். நீங்களே பாருங்க. முதுகு நடுவுல என்ன தெரியுது, சொல்லுங்க."

அவர் அலுத்துக்கொண்டு குனிந்தார். ஒரு கண்ணை மூடினார். திறந்தார். இரண்டு கண்ணையும் தேய்த்துக்கொண்டார்.

"என்ன இது? ரெண்டு இருக்கு."

"என்ன ரெண்டு?"

"பாம்பு. நான் ஒண்ணுதானே போட்டேன்?" தலையை நிமிர்த்தினார். இமைகள் பாதிக்கு மேல் ஏறவில்லை. "நீயும் ரெண்டாத் தெரியற."

நாத்தனார்தான் போனைத் தேடி ஓடினார்.

ஆம்புலன்ஸ் வரப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. அக்கா கணவரைப் படுக்கவைத்து, கையை அசையாமல் பிடித்துக்கொண்டு, சத்தமாக மூச்சை எண்ணச் சொன்னார். நாற்பதுக்கு மேல் எண்கள் குழறின.

மருத்துவமனையில் இளம் டாக்டர் கேட்டார்: "என்ன பாம்பு, தெரியுமா?"

"கட்டுவிரியன் குட்டி. எட்டே கால். வலது ஆள்காட்டி விரல். பத்து இருபத்தஞ்சுக்கு எல்லாம் ரெட்டையா தெரிஞ்சுது, இமை எறங்கிடுச்சு. பத்து முப்பத்தஞ்சுக்கு நாக்கு குழற ஆரம்பிச்சுது."

"நீங்க நர்ஸாம்மா?"

"இல்ல. குடுவை கழுவறவ."

விஷமுறிவு மருந்து ஏறியது. இருந்தும் விடிகாலையில் மூச்சு தளர்ந்து, குழாய் போட்டு எந்திரத்தில் வைத்தார்கள். பிழைப்பாரா என்று கேட்டதற்கு டாக்டர், "நேரத்துக்குக் கொண்டுவந்தீங்க, தூங்க விட்டிருந்தா கஷ்டம்" என்றார். அது பதில் இல்லை என்பது அக்காவுக்குத் தெரிந்தது.

உட்கார்ந்து காத்திருக்க அவரால் முடியவில்லை. நாத்தனாரைக் காவலுக்கு வைத்துவிட்டு, கணவரின் வேலை நோட்டை எடுத்துக்கொண்டு கட்டடம் கட்டடமாகப் போனார். லிஃப்டுக்குள் ஏறி, பழைய கத்தியால் நாலு வரியைச் சுரண்டினார். ஒன்பதாவது கட்டடத்தில் வாட்ச்மேன் தடுத்தார்.

"நல்லதுதானே எழுதியிருக்கு? ஏம்மா கிழிக்கறீங்க?"

"தப்பு இருக்கு."

"அதெப்படி? எனக்கு மனப்பாடம்." கழுத்திலேயே கோடு என்று தொடங்கி, ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார்.

அக்கா கத்தியோடு நின்றார். காகிதத்தைச் சுரண்டலாம். இதை எங்கே வைத்துச் சுரண்டுவது? ஒவ்வொரு கட்டடத்திலும் நின்று, கேட்கிறவரிடம் எல்லாம், கணவர் கிடக்கிற கிடையைச் சொன்னார். வேறு வழி தெரியவில்லை. முப்பத்தெட்டு முடிய மூன்று நாள் ஆனது. இடையில் ஒரு மாலை, ஜாடியை வாய்க்கால் கரைக்குக் கொண்டுபோய், நீளக் குச்சியால் சாய்த்துத் திறந்துவிட்டார். பஸ் டிரைவர் வழக்கம்போலப் பத்தடி தள்ளி நின்றார்.

நான்காம் நாள் குழாயை எடுத்தார்கள். ஐந்தாம் நாள் கணவர் கரகரத்த குரலில் முதலில் கேட்டது: "அஞ்சு வரி ஒட்டலாமா?"

"ஒட்டியாச்சு. ஒரே வரி."

புதிய காகிதத்தைக் காட்டினார். 'பாம்பா? தொடாதே, தள்ளி நில், கூப்பிடு.' கீழே அக்காவின் எண்.

கணவர் ஒவ்வொரு கண்ணாக மூடித் திறந்து, எழுத்து ஒற்றையாகத்தான் தெரிகிறதா என்று சரிபார்த்துக்கொண்டார். "இதுல ஒரு தகவலும் இல்லையே."

"இல்ல."

"ராத்திரி பகல்னு இல்லாம கூப்பிடுவாங்களே. கேபிளுக்கும் லேஸுக்கும்."

"கூப்பிடுவாங்க" என்றார் அக்கா. முகத்தில் பழைய கடுப்பு அப்படியே இருந்தது. "என்ன பண்றது, தலையெழுத்து."

சொல்லி வாய் மூடவில்லை, போன் ஒலித்தது. நோட்டில் பதினேழாவதாக இருந்த கட்டடத்தில் குடியிருப்பவர். குளியலறையில் கறுப்பாக ஏதோ, அசையவில்லை, கயிறாகவும் இருக்கலாம். விஷமா, இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டும்.

அக்கா கட்டிலுக்கு அடியில் காலால் துழாவி பூட்ஸை இழுத்தார்.

"வரேன்" என்றார்.