அன்பாயிருந்த பதினொரு நாட்கள்

பனியில் முழங்கால் புதைய உட்கார்ந்து என் கணவர் என்னுடைய சப்பாத்துக் கயிற்றைக் கட்டிவிட்டார். கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் கட்டினார். விரல்கள் சிவந்து போயிருந்தன. ஜெர்மனியில் எங்களுடைய முதல் குளிர்காலம் அது. கல்யாணமாகி ஏழு மாதமாகியும் அவர் எனக்காகக் குனிந்ததை அன்றுதான் பார்த்தேன்.

“என்ன, இண்டைக்கு இவ்வளவு அன்பு?” என்று கேட்டேன்.

“குளிரெல்லே” என்றார், நிமிராமலே. பிறகு, “ஆறு உறைஞ்சு போச்சாம். வாரும், பாத்திட்டு வருவம்” என்று கூட்டிக்கொண்டு போனார்.

அப்போது நாங்கள் அவருடைய அக்காவின் வீட்டில் இருந்தோம். எனக்கு மச்சாள். தாயில்லாத தம்பியை வளர்த்து, ஜெர்மனிக்கும் கூப்பிட்டு எடுத்தவர். மூன்றாம் மாடியில் இருந்த அந்த வீட்டில், மச்சாளின் மகளுடைய அறையை எங்களுக்கு ஒழித்துத் தந்திருந்தார்கள். ஹீட்டரின் திருகை இரண்டாம் இலக்கத்துக்கு மேல் திருப்பக் கூடாது. துவைத்த துணி குளியலறையில் மூன்று நாள் ஈரமாகவே தொங்கும். என் கணவர் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவப் போவார். நான் சமைப்பேன், கூட்டுவேன், கடைகளின் விளம்பரத் தாள்களைப் பார்த்து உருளைக்கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் ஜெர்மன் சொல் படிப்பேன். அதெல்லாம் எனக்குப் பாரமாக இருக்கவில்லை. என் நெஞ்சில் கிடந்தது அப்பாதான். அம்மா முன்பே இறந்துவிட்டார். நான் ஒரே பிள்ளை. யுத்தத்தில் ஊரைவிட்டு ஓடிய அப்பா ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் மற்றச் சனங்களோடு தங்கியிருப்பதாகக் கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு மூன்று மாதமாக ஒரு வரியும் இல்லை. வீட்டு நடையில் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் ஓடிவருவேன். எனக்கு முன்னால் மச்சாள் எடுத்துவிடுவார்.

ஆற்றைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து என் கணவர் வேறு ஆளாகிவிட்டார். வேலையிலிருந்து வரும்போது சூடான கஷ்கொட்டைகளைக் காகிதப் பையோடு கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்து என் கையில் தருவார். ஈரத் துணியை அவரே எடுத்து உதறிப் போடுவார். ஒரு நாள் மச்சாளின் கண்ணெதிரிலேயே ஹீட்டரை நான்காம் இலக்கத்துக்குத் திருகினார். மச்சாள் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார். இந்த வீட்டில் நானும் ஒரு ஆள்தான் என்று அன்று முதன்முதலாக எனக்குத் தோன்றியது. பிறந்து வளர்ந்த இடத்தைவிட்டு வந்தது வீண்போகவில்லை என்றும் நினைத்தேன். அந்த மடத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் என் முகம் சுடுகிறது.

அந்த நாட்களில் வீட்டில் சாமத்தியச் சடங்குக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. மச்சாளின் மகள் பெரியபிள்ளையாகியிருந்தாள். மண்டபம் எடுத்தாயிற்று. பாரிஸிலிருந்தும் சுவிஸிலிருந்தும் சொந்தங்கள் வரவிருந்தார்கள். தாய்மாமனும் மாமியும்தான் பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்க வேண்டும். மாமி நான். அரியதரம் சுட்டேன், பயித்தம் உருண்டை பிடித்தேன். சடங்கன்று பச்சைச் சேலையில், வாயெல்லாம் பல்லாகப் படத்துக்கு நின்றேன்.

மறுநாள் காலை மச்சாள் எனக்கு முன்னால் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அதுவரை ஒருநாளும் வைத்ததில்லை.

“கொப்பா மோசம் போயிட்டாராம்” என்றார்.

“அப்பா செத்திட்டாரோ? எப்ப?”

“செய்தி வந்து பதினொரு நாள். சடங்கு முடியட்டும் எண்டுதான் சொல்லேல்லை. வீட்டில சாவுத் துடக்கெண்டால் என்ன செய்யிறது? மாமியில்லாமல் ஆர் தண்ணி வாக்கிறது?”

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்களும் அறிஞ்சனீங்களோ?” என்று கேட்டேன்.

“அக்கா சொல்ல வேண்டாமெண்டவ” என்றார்.

மச்சாள் ஒரு துண்டுக் காகிதத்தைத் தந்தார். அப்பாவுக்குப் பக்கத்தில் கடைசிவரை இருந்த ஒருவர் கொழும்புக்கு வந்து, ஒரு லொட்ஜில் நின்று தொலைபேசி எடுத்திருக்கிறார். வெளிநாடு போகும்வரை அங்கேதான் நிற்பேன், மகளைக் கதைக்கச் சொல்லுங்கோ, தகப்பன் சொல்லிவிட்ட கதைகள் இருக்கு என்று இலக்கமும் கொடுத்திருக்கிறார். நான் உடனே அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். லொட்ஜ்காரர், “அவர் முந்தநாள் வெளிக்கிட்டிட்டார் பிள்ளை. எங்கையெண்டு தெரியாது” என்றார். அந்த மனிதரின் பெயரைக்கூட மச்சாள் கேட்டு வைக்கவில்லை. பல வருடம் விசாரித்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்த சனங்கள் அதற்குள் திக்குத் திக்காய்ப் போய்விட்டார்கள்.

பிறகு லண்டன் வந்தோம். ஈஸ்ட் ஹாமில் வீடு, இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் வேலை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நல்ல குடும்பம். என் கணவர் கெட்டவர் இல்லை. ஆனால், குளிர்காலக் காலைகளில் அவராக எழும்பித் தேத்தண்ணி போட்டுத் தந்தால், நான் அதை வாங்குவதற்கு முன் அவர் முகத்தைப் பார்ப்பேன். யார் செத்தது என்றுதான் மனம் முதலில் கேட்கும். ஒரு பெண்ணிடமிருந்து இதைவிட எதை எடுத்துவிட முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

போன மார்கழியில் மச்சாள் எங்களிடம் வந்து இரண்டு கிழமை நின்றார். வயதாகி, கால் வீங்கி, சொல்லின் கூர்மை மட்டும் குறையாமல் இருந்தார். ஒரு மத்தியானம் மூவரும் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தன் மகள் அனுப்பிய பழைய சடங்குப் படத்தை மச்சாள் தன் போனில் எடுத்துக் காட்டினார்.

“இஞ்ச பார், உன்ர முகத்தில என்ன சந்தோசம்! நான் அப்ப சொல்லியிருந்தால் இந்தச் சிரிப்பு வந்திருக்குமோ?”

நான் படத்தைப் பார்க்கவில்லை. “மச்சாள், அப்பாவுக்குக் கொள்ளி வைச்சது ஆரெண்டு தெரியுமோ?” என்று கேட்டேன்.

மச்சாள் திகைத்துப்போய், “எனக்கெப்பிடித் தெரியும்?” என்றார்.

“எனக்கும் தெரியாது.”

பிறகு என் கணவர், “நான் அண்டைக்கே சொல்லியிருக்க வேணும்” என்றார். இத்தனை வருடத்தில் அதை முதல்தடவையாகச் சொன்னார். சொல்லும்போதும் அவர் பார்த்தது தன் தட்டைத்தான், என்னை அல்ல.

நான் குழம்புச் சட்டியை இழுத்து, இன்னொரு துண்டு மீனை மச்சாளின் தட்டில் வைத்தேன்.

“முள்ளிருக்கு, பாத்துச் சாப்பிடுங்கோ” என்றேன்.