தாவீது மாமா தட்டிய டிரம்

செருப்புக் கடையில் புதுத்தோல் வாசனை அடித்தாலே, அனகாபுத்தூரில் தோல் பதனிடும் கிடங்கின் மர டிரம் எனக்குள் உருளத் தொடங்கிவிடும். ஆள் உயரத்தையும் தாண்டிய அந்தப் பீப்பாய், நாளெல்லாம் ஈரத்தோல்களைப் புரட்டிப் புரட்டித் தொப்பென்று போடும். அது காலியாக இருக்கும்போது கரண்டு போனால், நாங்கள் உள்ளே ஒளிந்து விளையாடுவோம். கரண்டு வந்ததும் சுவிட்சுப் போட வரும் தாவீது மாமா, முதலில் பலகையைத் தட்டி, "துரை, உள்ள கீறியாடா?" என்று கேட்டுக் காத்திருப்பார். துரை அவர் மகன். எங்களைப்போல் ஒளிந்து, அதற்குள்ளேயே சுழன்று செத்தவன்.

ஒருநாள் உள்ளிருந்து, "நான் கீறேன் மாமா" என்று என் தங்கை சொன்னாள்.

அவளை வெளியே தூக்கி விட்டவர், சுவிட்சுப் பக்கம் போகவில்லை. மறுபடியும் அந்த இருட்டுக்குள் கையை நீட்டினார்.

"பாப்பா வந்துட்சி பாரு. நீயும் வாடா."