மருந்து இருக்கிற நோயாகக் கொடு, தாயே

ஸ்ரீவில்லிபுத்தூர் நாச்சியார் கோயில் வாசலில் நின்று அவளைத் தொந்தரவு செய்கிற உங்களில் நானும் ஒருவன். போன ஆடியில் நான் செத்துப்போவேன் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, முடிவே செய்துவிட்டேன்.

சித்திரையில் இருமல் பிடித்தது. எனக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. எங்கள் ஆட்களுக்கு இருமல் என்றால் பஞ்சு. பஞ்சுக்கு மருந்து கருப்பட்டி. ஒரு துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால், தொண்டையில் ஒட்டின பஞ்சு வழுக்கி வயிற்றுக்குள் போய்விடும் என்பது எங்கள் நம்பிக்கை. போன பஞ்சு அங்கே என்ன ஆகும் என்று எவனும் கேட்டதில்லை. இந்நேரம் எனக்குள் ஒரு மெத்தையே தயாராகியிருக்க வேண்டும்.

சாயங்காலமானால் காய்ச்சல். உடம்பு வற்றியது. நான் வேட்டியைக் கட்டியது போய், வேட்டி என்னைக் கட்டிக்கொண்டு நடந்தது. இதைச் சொல்லி என் மனைவி பாண்டியம்மாளைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து என் மட்டமான ஜோக்குக்கெல்லாம் சிரித்தவள், அன்றைக்குச் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

ஆடி பிறந்ததும், இருமி வாய் துடைத்த துண்டில் ரத்தம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பக்கம் ஒரு திட்டு. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: இது சுவரில் விழுகிற நிழல் மாதிரி, யாரோ நிற்கிறார்கள் என்று காட்டும், யார் என்று காட்டாது. காசநோயாக இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். முதலில் சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்போம், இந்த டப்பாவில் கொடுங்கள்.

கொடுத்தேன். கிருமி இல்லை என்று வந்தது. நல்லதுதானே என்று பல்லைக் காட்டினேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்து, குழாய் விட்டு உள்ளேயிருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும், ஆடிப்பூரத் தேர் கழித்து வாருங்கள், சீட்டு எழுதித் தருகிறேன் என்றார்.

சதை என்றதற்குப் பிறகு எதுவும் என் காதில் ஏறவில்லை. பக்கத்து மெஷினில் நின்ற ஒருவருக்கும் இப்படித்தான் எடுத்தார்கள். அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை.

சேத்தூரில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி, சுவரைப் பார்த்துப் படுத்தேன். சோறு இறங்கவில்லை. நான் போன பிறகு பாண்டியம்மாள் என்ன செய்வாள்? தண்ணீர் மோட்டாரை எப்படிப் போடுவது, கேஸ் சிலிண்டரை எப்படி மாட்டுவது என்று சொல்லிக்கொடுத்தேன்.

"இம்புட்டு வருசமா அதெல்லாம் நாந்தான செய்யுதேன். பேசாமப் படுங்க," என்றாள். பொறுக்காமல் அடுப்படிக்குப் போய் அழுதாள். எனக்குக் கேட்கக்கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஆடிப்பூரத் தேரன்று வடம் பிடித்தேன். நாலு அடி போவதற்குள் இருமல் வளைத்துவிட்டது. யாரோ என்னை மெல்ல விலக்கி ஒரு கடைப் படியில் உட்கார வைத்தார்கள். தேர் என்னை விட்டுவிட்டு நகர்ந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். குணமாக்கு என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

"தாயே, மருந்து இருக்கிற நோயாக் குடு. அம்புட்டுதான்," என்றேன்.

மறுநாள் சீட்டு வாங்கப் போனோம். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருக்கும்போதே இருமல் வெடித்து, என் வாயிலிருந்த கருப்பட்டி தெறித்து அவர் மேசையில் போய் விழுந்தது. பேனா நின்றது.

"என்ன அண்ணாச்சி இது?"

பாண்டியம்மாள்தான் சொன்னாள். "கருப்பட்டி, டாக்டரம்மா. எப்பவும் வாயில கெடக்கும். அன்னைக்கு டப்பாவுல துப்புறப்பவும் கெடந்துச்சு."

"துப்புனீங்களா, இருமி எடுத்தீங்களா?"

"துப்புனேன். நல்ல கலராத்தான் வந்துச்சு," என்றேன், பெருமையாக.

அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். மில்லுக்குள் துப்பக்கூடாது என்பதால், வந்த சளியை எல்லாம் விழுங்கியே பழகிய ஆள் நான். கொடுத்தது கருப்பட்டி எச்சில். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்து, மூச்சை ஆழ இழுத்து, நெஞ்சுக்குள்ளிருந்து இருமி எடுத்தால்தான் அது சளி என்றார். எச்சிலில் கிருமியைத் தேடுவது, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஆள் இல்லை என்று திரும்புவது மாதிரியாம். மதுரைச் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு இன்னொரு டப்பா கொடுத்தார்.

இந்தத் தடவை கிருமி இருந்தது. காசநோய் என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் ஓவென்று அழுதேன். அவர் பதறிப்போய், "அழாதீங்க அண்ணாச்சி, இதுக்கு மருந்து இருக்கு," என்றார். நான் கேட்ட அதே வார்த்தை. பாண்டியம்மாள் இருந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆறு மாதம் தினமும் மாத்திரை. முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போக, மறுபடியும் செத்தேன் என்று கத்தினேன். மாத்திரையின் சாயமாம். பாதியில் உடம்பு தேறி, இனி எதற்கு மாத்திரை என்று தோன்றியது. பாதியில் நிறுத்தினால் மிச்சக் கிருமி மருந்துக்கு மசியாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் நிறுத்தவில்லை. பாண்டியம்மாளையும் சோதித்தார்கள், அவளுக்கு ஒன்றுமில்லை.

இப்போது மில்லில் எவன் இருமினாலும் போய் எதிரே நிற்கிறேன். இரண்டு வாரம் தாண்டிய இருமலா என்று கேட்கிறேன். என்னைக் கண்டாலே இருமலை அடக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நானும் விடுவதில்லை.

கை விட்டுப்போயிற்று என்று படுத்திருப்பவர்களே, நாச்சியாரிடம் கேளுங்கள். பெரிதாகக் கேட்கத் தெம்பில்லையென்றால் சின்னதாகவாவது கேளுங்கள். கேட்டுவிட்டு வீட்டில் கிடக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள். அவளிடம் எதையும் மறைக்காமல் அழுகிற மாதிரியே, டாக்டரிடமும் ஒன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.