கடல்குதிரைத் தொட்டியில் முளைத்தது

"இது படிச்சி சொல்றத நம்பியா மச்சான் நீ வேல செய்யப்போற?" என்று அப்பா என்னைப் பற்றி மாமாவிடம் கேட்டபோது நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். என் கையில் ஒரு பக்க ஆங்கிலத் தாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் மூன்றாம் வகுப்பைத் தாண்டியவர் யாரும் கிடையாது. அந்த மூன்றையும் முடித்தவர் அம்மாவின் தம்பியான மாமாதான். வல்லம் வடகாலில் எங்கள் நிலத்தின் மேல் தொழிற்சாலை எழும்பிய பிறகு, வயலில் களை பறித்துக்கொண்டிருந்த மாமா அதே தொழிற்சாலையில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்தார். சேரும்போது எட்டாவது பாஸ் என்று சொல்லியிருந்தார். அந்தப் பொய்க்குப் பரிசாக ஏசி போட்ட வரவேற்பறையும், நீலச் சட்டையும், ஒரு கண்ணாடித் தொட்டியும் அவர் பொறுப்பில் வந்தன.

ஆயுத பூஜை அன்று குடும்பத்தாரை உள்ளே விட்டார்கள். பொரிப் பொட்டலத்தோடு நான் அந்தத் தொட்டி முன் நின்றுவிட்டேன். உப்புத் தண்ணீரில் நான்கு கடல்குதிரைகள். பிளாஸ்டிக் புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பவர்களைப் போல நிமிர்ந்து நின்றன. வயிறு பருத்த ஒன்றைக் காட்டி, "இது ஆம்பள. இதுங்க கூட்டத்துல ஆம்பளதான் புள்ள சுமக்கும்" என்றார் மாமா. தானே அப்படி ஏற்பாடு செய்ததுபோல அவர் முகத்தில் ஒரு பெருமை.

அவற்றை வளர்த்தவர் அங்கே வேலை பார்த்த ஒரு வெளிநாட்டு அதிகாரி. ஒரு மாத விடுப்பில் ஊருக்குப் போகும்போது, செய்ய வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். சூப்பர்வைசர் அதை மாமாவின் கையில் திணித்து, "எல்லாம் இதுலயே கீது, பாத்துக்கோ" என்று சொன்னதோடு சரி. எட்டாவது பாஸ் ஆனவர் எப்படிப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பார்? தாளை மடித்து வீட்டுக்கு எடுத்து வந்தார்.

தொட்டியில் கல்லின் மேல் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னப் பூப்போல ஏதோ முளைத்திருந்தது. தொட்டால் சுருங்கி உள்ளே போகுமாம். மணலின் மேல் சிவப்புப் பாசி ஆடைபோலப் படிந்திருந்தது. குதிரைகளுக்கு இரண்டும் ஆகாது என்பது வரை மாமாவுக்குத் தெரியும். என்ன செய்வது என்பது தாளில் இருந்தது.

அந்தத் தாளில் எனக்குத் தெரிந்தவை தண்ணீர், உப்பு, கை, நாள் என்று பத்துச் சொற்கள் இருக்கும். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஏழாவதோடு என் படிப்பை நிறுத்திவிடலாம் என்று அப்பா அந்த மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வரிகளின் மேல் விரலை ஓட்டி, டீச்சர் குரலில் சொன்னேன்: "கையால வேரோட பிடுங்கிடணும் மாமா. பாசிய நல்லா தேச்சிக் கழுவிடணும்."

மாமாவின் முகம் தெளிந்தது. "களைதானே! இத சொல்றதுக்கா இங்கிலீசு?"

முதல் வாரம் தொட்டி பளிச்சென்று இருந்ததாம். சூப்பர்வைசர் பாராட்டினாராம். மாமா எனக்குப் பரோட்டா வாங்கி வந்தார். "பாத்தியா மாமா, என் மருமவ படிப்ப!" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா பரோட்டாவை மட்டும் எடுத்துக்கொண்டார்.

மறு வாரம், பிடுங்கிய இடத்தில் ஒன்றுக்குப் பத்தாக முளைத்தன. மாமா மேலும் பிடுங்கினார். விரல்கள் சிவந்து தடித்து வர, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டார். தேய்க்கத் தேய்க்கப் பாசி தொட்டி முழுக்கப் பரவியது. குதிரைகள் பிடித்து நிற்கும் புல்லிலும் அந்தப் பூக்கள் வந்தன. பிடித்த இடமே தேள்போலக் கொட்டியது. விட்டால் நிற்க வேறு இடமில்லை. வால்கள் வெளுத்துப் புண்ணாயின. இரண்டு செத்துப்போயின. வயிறு பருத்த ஆண் குட்டி போட்டது. கண்ணிமை மயிர் அளவுக் குட்டிகள் என்று மாமா சொன்னார். பொழுது சாய்வதற்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. அன்று அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

அதிகாரி திரும்பி வந்ததும், தாளின் முதல் வரியைப் படித்துக் காட்டச் சொன்னார்கள். மாமா தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். வேலை போனது.

"இது படிச்சி சொன்னபடிதானே செஞ்ச?" என்று அப்பா கேட்டார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார்.

"இல்ல மாமா, அது சரியாத்தான் சொல்லிச்சி. நாந்தான் ஏறுமாறா செஞ்சிட்டேன்" என்றார் மாமா.

நான் அதை அப்படியே நம்பினேன் என்பதை எழுதவே கூசுகிறது. நான் இட்டுக்கட்டிச் சொன்னது தாளில் இருந்ததுதான் என்று அதற்குள் எனக்கே உறுதியாகிவிட்டிருந்தது. சரியாகச் சொல்லியும் கெடுத்துவிட்டாரே என்று மாமாவிடம் இரண்டு நாள் பேசவில்லை. அவரே என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

நான் எட்டுக்குப் போனேன். மாமா படப்பையில் சிமெண்டு மூட்டை இறக்கப் போனார். நான் கல்லூரியில் விலங்கியல் சேர்ந்தபோது அவரால் நிமிர்ந்து நடக்க முடியாமல் ஆகியிருந்தது. போன வருட மழைக்காலத்தில் இறந்துபோனார்.

இந்த வருடம்தான் வகுப்பில், மாமா பிடுங்கிய அந்தப் பூப்போன்ற உயிரான கடல் சாமந்தி பற்றிப் பாடம் வந்தது. பிடுங்கினால், கல்லில் ஒட்டியிருக்கும் துணுக்கு ஒவ்வொன்றும் ஒரு முழு உயிராக வளரும் என்று ஆசிரியை சொன்னார். தொட்டி வைத்திருப்பவர்கள் அதைக் கையால் தொடமாட்டார்களாம். ஊசியால் ஒவ்வொன்றின் வாயிலும் சுடுநீர் விடுவார்களாம். பாசி என்றால் இரையைக் குறைத்து, மிச்சத்தைக் குழாயால் உறிஞ்சி எடுப்பார்களாம். தாளில் இருந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். நோட்டில் அதற்கு மேல் எழுத முடியவில்லை.

வேலை போன மனிதர், அப்பாவின் அந்த ஒரு கேள்விக்கு என்ன பதில் சொன்னால் என் பள்ளிக்கூடப் பை நிரந்தரமாக ஆணியில் மாட்டப்படும் என்று கணக்காகத் தெரிந்துவைத்திருந்தார். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பட்டப்படிப்பு தேவைப்பட்டிருக்கிறது.

அப்பா இப்போதும் மாமா பேச்சு வந்தால், "ஏசி ரூம் வேலய கையால கெடுத்துக்கினவன்" என்பார். நேற்றும் சாப்பிடும்போது சொன்னார். நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"மாமா கெடுக்கலப்பா. அந்தத் தாள எனக்குப் படிக்கவே தெரியல. நானாதான் சொன்னேன். இது படிச்சி சொல்றத நம்பியான்னு அன்னிக்கி நீ கேட்டதுதான் சரி."